யானைமலை பின்னால் போக மாட்டேன் என்கிறது: கிராஸ் ஹேட்ச்சிங் சந்தேகம்

கேள்வி:
வணக்கம். மதுரை ஒத்தக்கடைப் பக்கமிருந்து எடுத்த போட்டோவைப் பார்த்து யானைமலையைக் கறுப்பு மையில் வரைகிறேன். முன்னால் வயல் வரப்பு, இரண்டு பனை, பின்னால் மலை. ஏ4 ஜெராக்ஸ் தாள், கையில் மைக்ரான் 05 பேனா மட்டும். போட்டோவில் பாறை இருட்டாக இருந்ததால் கிராஸ் ஹேட்ச்சிங் (கோடுகளின் மேல் குறுக்குக் கோடுகள் அடுக்கி நிழல் காட்டுவது) போட்டு நிரப்பினேன். இப்போது மலை பனைக்கு முன்னால் வந்து நிற்கிறது, பனங்கொண்டை அதற்குள் கரைந்துவிட்டது. மூன்றாம் அடுக்கு போட்ட இடத்தில் தாள் நார் நாராகக் கிளம்புகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
போட்டோவை நம்பாதீர்கள். இடையில் இருக்கும் காற்றும் தூசியும் தூரத்து மலையை வெளிற வைக்கும். படத்திலும் அப்படித்தான் காட்ட வேண்டும். மலைக்கு ஒரே அடுக்கு போதும். அதற்கு மைக்ரானிலேயே மெல்லிய 005 பேனா வாங்குங்கள். அது 0.20 மி.மீ. கோடு, உங்கள் 05 போடுவது 0.45. கோடு பாறையின் வடிவத்தோடு போகட்டும்: யானை நெற்றி மாதிரி இருக்கும் மத்தகம் உருண்டு இறங்கும் இடத்தில் கோடும் உருண்டு இறங்கணும். வெயில் படும் விளிம்பைத் தொடவே வேண்டாம், தாளின் வெள்ளையே வெயில்.

கிராஸ் ஹேட்ச்சிங்கைப் பனையின் அடிமரத்துக்கும் வரப்பு நிழலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கை 30 டிகிரி அளவுக்குச் சாய்வாக வெட்டட்டும். நேர் குறுக்கே போட்டால் கொசுவலை மாதிரி தனியாகத் தெரியும்.

பதில் 2:
நார் கிளம்புவது ஈரத்தால். ஒரு அடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்ததைப் போடுங்கள். ஜெராக்ஸ் தாள் இதைத் தாங்காது. 200 ஜிஎஸ்எம் காட்ரிஜ் தாளுக்கு (தடிமனான வரைதாள்) மாறுங்கள்.

அப்புறம், டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1643இல் செய்த ‘மூன்று மரங்கள்’ எச்சிங்கை (உலோகத் தகட்டில் கோடு கீறி அச்சிட்ட படம்) பெரிதாக்கிப் பாருங்கள். மரங்கள் கன்னங்கரேல் என்று நிற்கின்றன, அவற்றுக்குப் பின்னால் வானம் வெளிச்சம். தூரத்து ஊருக்கு மெல்லிய கீறல்கள்தான். உங்கள் பனைக்கும் அதே கணக்கு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஏற்கெனவே கறுத்துவிட்ட மலையை மீட்க முடியுமா?

பதில் 1:
போட்ட மையை எடுக்க முடியாது. மை காய்ந்ததும் வெள்ளை ஜெல் பேனாவால் பனையோலை நுனிகளைச் சுற்றி மெல்லிசாக ஓட்டினால் கொண்டை பிரிந்து தெரியும். அடிமரத்தை இன்னும் கறுப்பாக்குங்கள். மலை முழுக்க அடர்ந்துவிட்டது என்றால் புதுத் தாள்தான் சரி. அதற்கு முன் தீப்பெட்டி அளவில் பென்சிலால் ஒன்று போடுங்கள்: வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்றே நிறம். மலை சாம்பலைத் தாண்டக் கூடாது.