மறு: ‘ஆர்பரிஸ்ட்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். மரங்களை ஆய்ந்து, வேண்டிய கொப்பை மட்டும் அறுத்துப் பேணும் தொழில் செய்பவரை ஆங்கிலத்தில் ‘ஆர்பரிஸ்ட்’ என்கிறார்கள். அவருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று குழுமத்தில் எழுந்த கேள்விக்கும், அதையொட்டி நண்பர்கள் எழுதியவற்றுக்கும் என் பதில் இது.

> ‘மரமேறி’ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே. புதிதாக எதற்கு?

வேண்டாம். தெற்கே அது ஒரு சாதியாரை இழித்துப் பேசப் பயன்பட்ட சொல். கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிட்டால் மட்டும் அந்தக் கறை போகாது. அதை விட்டாலும், ஏறுவது இந்தத் தொழிலில் பாதிகூட இல்லை. சோழவந்தான் தோப்புகளில் சரசரவென்று தென்னை ஏறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தென்னைக்கும் பனைக்கும் கிளை கிடையாது. எந்தக் கொப்பு ஆளைத் தாங்கும், அறுத்தால் எந்தப் பக்கம் சாயும் என்ற கேள்வி அங்கே எழாது. வேம்பில் ஏறினால் எழும். முருங்கையில் ஏறினால் கேள்வி எழுவதற்குள் ஆள் கீழே கிடப்பார். மேலைநாடுகளில் மரத்தில் காலே வைக்காமல் ஆய்ந்து அறிக்கை எழுதித் தரும் ஆர்பரிஸ்டும் உண்டு. அவரை எப்படி மரமேறி என்பது?

> கவாத்துக்காரர்?

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மதுரையைச் சுற்றிக் கவாத்து என்றால் மல்லிகைத் தோட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும். நவம்பர் கடைசியில் செடியைத் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டுகிற வேலை அது. கயிறும் வேண்டாம், உயிர்ப்பயமும் வேண்டாம்.

சொல்லைத் தேடும் முன் ஆள் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். அழகர்கோயில் சாலைப் பக்கம் ஒரு வீட்டில், ஓட்டுக்கூரைக்கு மேல் நீண்டிருந்த வேப்பங்கொப்பை இறக்கினார்கள். வந்தவர் உடனே ஏறவில்லை. அருவாளைத் திருப்பிப் பிடித்து அடிமரத்தைச் சுற்றித் தட்டிக் கேட்டார், உள்ளே பொந்து இருக்கிறதா என்று. வேர்ப்பக்கம் காளான் முளைத்திருக்கிறதா, உச்சியில் தேன்கூடு உண்டா என்று பார்த்தார். அப்புறம்தான் மேலே போனார். கொப்பில் கட்டிய கயிற்றை மேல்கவை வழியாகக் கீழே விட, கீழே நின்ற தம்பி அதை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். முதல் வெட்டு, அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கொப்பின் அடிப்பக்கத்தில், பாதிக்கும் குறைவான ஆழத்தில். அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து இரண்டாவது. பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் கொப்பு முறிந்து கயிற்றில் தொங்கியது. மிச்சக் கட்டையை மூன்றாவது அறுப்பில் எடுத்தார். அதையும் மரத்தோடு வழித்து எடுக்கவில்லை. கிளை பிறக்கும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்தை விட்டுவிட்டு அறுத்தார்.

அந்த வளையத்தில்தான் தொழிலே இருக்கிறது. நம் தோலில் புண் ஆறுவதுபோல் மரத்துக்கு ஆறுவதில்லை. வெட்டுப்பட்ட பகுதியைச் சுவர் எழுப்பி ஒதுக்கிவிட்டு, மேலே புதிதாக வளர்த்துக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1977-இல் இதை விளக்கி எழுதினார். வளையத்தைச் சீவிவிட்டால் அழுகல் அடிமரத்துக்குள் இறங்கும். மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று மொட்டையடித்த தெருமரங்களைப் பாருங்கள்: வெட்டுவாயில் பொந்து விழுகிறது, சுற்றிக் கொத்தாகக் கிளம்பும் கொப்புகளுக்குப் பிடிமானம் இல்லாமல் காற்றில் பிய்ந்து விழுகின்றன. மரத்துக்கு வெட்டு எவ்வளவு போதும் என்று தெரிந்தவருக்குத்தான் நாம் பெயரிடப் பார்க்கிறோம்.

ஆகவே என் பரிந்துரை: மரம்பேணுநர். ஓட்டுநர், பயிற்றுநர் வரிசையில் வரும். ‘மரவினைஞர்’ என்றால் தச்சர் வந்து நிற்பார். ‘மர மருத்துவர்’ என்றால் நோய் மட்டும் தெரியும், ரம்பமும் கயிறும் தெரியாது. ஒற்று பற்றியும் ஒரு வார்த்தை: ‘மரப்பேணுநர்’ என்று ப் போடாதீர்கள், மரப்பெட்டி மாதிரி மரத்தால் செய்த பேணுநர் ஆகிவிடுவார்.

> செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் மாதிரி ஒலிக்கிறதே?

ஒலிக்கட்டும். ஓட்டுநர் என்ற சொல்லிலும் பஸ்ஸா லாரியா என்று இல்லை. ஏறும் வேலையைத் தனியாகக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘ஏறுநர்’ போதும்.

கூடவே சில: அந்தப் புடைத்த வளையத்துக்குக் கிளைக்கழுத்து. பிரூனிங்குக்குக் கவாத்து இருக்கவே இருக்கிறது. டாப்பிங்குக்கு மொட்டையடித்தல், அதற்குச் சங்க இலக்கியம் வரை போய்த் தேட வேண்டாம். கீழே கயிறு பிடிக்கிறவருக்குத்தான் நல்ல சொல் அமையவில்லை. வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கத்து நண்பர்கள் வேலை நடக்கிற இடத்தில் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.