வீட்டு வாத்தியார்கள் குழு: 30 பேருக்கு எஸ்இஎல் பயிற்சி

*நித்யா:* அத்தை, அண்ணி, இதைக் கொஞ்சம் பாருங்க. 30 ஆசிரியர்களுக்குச் சமூக-உணர்வுத் திறன் (எஸ்இஎல்) பயிற்சி கொடுக்கணும். ஒரு நாள், 6 மணி நேரம். 48 ஸ்லைடு ரெடி.

*மல்லிகா அத்தை:* 40ஐத் தூக்கிடு.

*மல்லிகா அத்தை:* ஒரே நாள்ல கொட்டவும் வேண்டாம்டி. 90 நிமிஷ அமர்வா நாலு போடு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ரெண்டு வாரம் விடு. மொத்த நேரம் அதே 6 மணிதான். அந்த ரெண்டு வாரத்துலதான் அவங்க வகுப்புல செஞ்சு பார்ப்பாங்க, எங்க இடிக்குதுன்னு தெரியும். ஒரு நாள் பயிற்சின்னா சாயங்காலம் கைதட்டல், மறுநாள் பழையபடி பிரம்பு இல்லாத அதட்டல்.

*நித்யா:* நாலு அமர்வுல அஞ்சு திறன் எப்படி அடங்கும்? தன்னை அறிதல், தன்னை நிர்வகித்தல், பிறரை உணர்தல், உறவுத் திறன், பொறுப்பா முடிவெடுத்தல்...

*மல்லிகா அத்தை:* முதல் ரெண்டை மட்டும் எடு. அதையும் ஆசிரியருக்காக எடு, பிள்ளைங்களுக்காக இல்ல. சத்தம் போட்டுக்கிட்டே “அமைதியா மூச்சு விடு”ன்னா எந்தப் பிள்ளை விடும்?

*கவிதா அண்ணி:* அத்தை சொல்றதோட இதையும் சேர்த்துக்கோ நித்யா. 2011ல வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பு இருக்குல்ல, 213 திட்டம், 2,70,000 மாணவர்கள். படிப்புல 11 சதமானப் புள்ளி, அதாவது 100 பேர் வரிசையில சராசரி மாணவர் 11 இடம் முன்னேறின மாதிரி, ஏறுச்சுன்னு எல்லாரும் ஸ்லைடுல போடுவாங்க. அதுக்குப் பின்னால இருக்கிற நிபந்தனையைப் போட மாட்டாங்க: படிப்படியான வரிசை, செஞ்சு பழகுறது, அதுக்குன்னு ஒதுக்கின நேரம், எந்தத் திறன்னு தெளிவு. இந்த நாலும் இருந்த திட்டங்கள்தான் நல்லா வேலை செஞ்சது. நடத்துறதுல குளறுபடி இருந்தா பலன் குறைஞ்சது. வகுப்பாசிரியரே நடத்தினாலும் பலன் உண்டுன்னு அதுலயே இருக்கு. உன் 30 பேருக்கு முதல்ல சொல்ல வேண்டிய சேதி அதுதான்.

*நித்யா:* சரி, முதல் அமர்வுல அந்த 90 நிமிஷம் என்ன செய்ய?

*மல்லிகா அத்தை:* பேச்சு 15 நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது. அப்புறம் ஒவ்வொருத்தரும் தனக்கு எது எரிச்சல் மூட்டும்னு எழுதணும். “ஒழுங்கீனம்”னு எழுதினா திருப்பிக் கொடு. “நான் போர்டுல எழுதும்போது பின்னால சிரிக்கிறது”, இந்த அளவுக்குத் துல்லியமா வேணும். அப்ப உடம்புல எங்க தெரியுது, தாடையிலயா தோள்லயான்னு பக்கத்துல குறிக்கணும். அதான் அவங்களுக்கு முன்னறிவிப்பு மணி. இதுக்கு 20 நிமிஷம். தாள் அவங்ககிட்டயே இருக்கட்டும், வாங்கிப் படிக்காதே.

*மல்லிகா அத்தை:* மீதியில மூணு மூணு பேரா 10 குழு. ஒருத்தர் ஆசிரியர், ஒருத்தர் மாணவர், ஒருத்தர் கவனிக்கிறவர். 3 நிமிஷம் நடிப்பு, 2 நிமிஷம் பேச்சு, அப்புறம் மாத்திக்கணும். மூணு பேரும் மாறி முடிக்க 15 நிமிஷம். ரெண்டு சுத்து கட்டாயம், முதல் சுத்து எப்பவும் சிரிப்புலயே போயிடும்.

*நித்யா:* அந்தச் சிரிப்புக்குத்தான் பயம். மாணவரா நடிக்கிறவங்க ஓவரா ஆடிடுவாங்க.

*மல்லிகா அத்தை:* கார்டு கொடு. முன்பக்கம் நடத்தை: “நோட்டைக் கிழிச்சுட்டான்.” பின்பக்கம் அவன் சொல்லாத காரணம்: “ரெண்டு நாளா பாடம் புரியல, கேட்கக் கூச்சம்.” காரணம் கையில இருந்தா நடிப்பு தானா அடங்கும். கவனிக்கிறவர் காதுல விழுந்த வார்த்தையை மட்டும் எழுதணும். “நல்லாப் பேசினாங்க”ன்னு எழுதினா அது பின்னூட்டம் இல்ல, மொய்.

*சேகர் சித்தப்பா:* பயிற்சிக்கு விளையாட்டு மாஸ்டருங்க, தொழிற்பிரிவு ஆளுங்களும் வர்றாங்களாம்மா?

*நித்யா:* 6 பேர் வர்றாங்க சித்தப்பா.

*சேகர் சித்தப்பா:* அவங்களுக்கு வேற கார்டு வேணும். தோத்த உடனே கூட்டி உட்கார வெச்சுப் பேசினா எதுவும் ஏறாது. தண்ணி குடிச்சு 10 நிமிஷம் போகட்டும், அப்புறம் ஒரே ஒரு கேள்வி. மெஷின் பக்கத்துலயோ தண்ணிக்குள்ளயோ ஆபத்துன்னா “நிறுத்து”, அவ்வளவுதான். அங்க போய் “உனக்கு இப்ப என்ன தோணுது”ன்னு கேட்டுக்கிட்டு நிக்கக்கூடாது. உணர்வைப் பத்தின பேச்சு கரைக்கு வந்தப்புறம். இந்தப் பயிற்சிகள்ல இதை யாரும் சொல்றதில்ல, அதனாலயே எங்க ஆளுங்க இதெல்லாம் நமக்கில்லன்னு ஒதுங்கிடறாங்க.

*கவிதா அண்ணி:* சரியான பாயிண்ட் சித்தப்பா.

*கவிதா அண்ணி:* நித்யா, வகுப்புல கெட்டுப்போறது பெரும்பாலும் மூணு இடம். மனசு கொதிக்கும்போது பிள்ளை தானா போய் ஆறிக்கிற அமைதி மூலை தண்டனை மூலையாகும்: “போய் அங்க உட்காரு”ன்னு ஒரு தடவை சொன்னா போதும், அப்புறம் எந்தப் பிள்ளையும் தானா போகாது. எல்லாரும் நல்லா இருக்கும்போதே முறை வெச்சு உட்கார்ந்து பழகணும். அடுத்தது, காலையில “எப்படி இருக்க” சுத்து. வருகைப் பதிவு மாதிரி ஆளுக்கு ஒரு “நல்லா இருக்கேன்” வந்து நிக்கும். கட்டாயப்படுத்தினா பொய்தான் வரும், அதனால “பாஸ்” சொல்ல உரிமை வேணும். அப்புறம் மூச்சுப் பயிற்சி. கண்ணை மூடச் சொன்னா சில பிள்ளைங்களுக்குப் பயம் கூடும், தரையைப் பார்த்தாலும் சரின்னு சொல்லணும்.

*கவிதா அண்ணி:* இன்னொண்ணு, இதை ஸ்லைடுல இல்ல, வாயால சொல்லிப் பழக வை. உணர்வைப் பத்திக் கேட்க ஆரம்பிச்சா ஏதோ ஒரு பிள்ளை தனக்கு நடக்கிற கொடுமையைச் சொல்லும். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்”னு வாக்குக் கொடுக்கக்கூடாது. “நீ சொன்னது நல்லது. உனக்கு உதவக்கூடியவங்ககிட்ட இதை நான் சொல்லியாகணும்.” அவ்வளவுதான். துருவித் துருவிக் கேட்காம, பிள்ளை சொன்ன வார்த்தையிலயே அன்னைக்கே எழுதி, பள்ளியில அதுக்குப் பொறுப்பானவர்கிட்ட ஒப்படைக்கணும்.

*நித்யா:* இதை 2வது அமர்வுல வெக்கிறேன் அண்ணி.

*கவிதா அண்ணி:* இல்ல, முதல்லயே. அடுத்த நாளே ஒரு பிள்ளை சொல்லலாம்.

*மல்லிகா அத்தை:* ஆமா. மூச்சைப் பத்தின ஸ்லைடைக் கூடத் தள்ளிப் போடலாம், இதைத் தள்ளாதே.

*நித்யா:* பலன் தெரியக் கடைசியில ஒரு கருத்துப் படிவம் போதுமா?

*மல்லிகா அத்தை:* அது சாப்பாடு நல்லா இருந்துச்சான்னு சொல்லும். இடைவெளி வாரத்துல வகுப்புக்குப் போய் 15 நிமிஷம் உட்காரு. கேள்வி கேட்டப்புறம் 3 விநாடியாவது காத்திருக்காங்களா, பிள்ளையைத் திருத்தும்போது குரல் எத்தனை தடவை உயருது, இந்த ரெண்டையும் எண்ணு. எண்ணினதை அவங்ககிட்ட மட்டும் காட்டு. தலைமையாசிரியர் கைக்குப் போச்சுன்னா அடுத்த தடவை நீ பார்க்கிறது நாடகம்.

*கவிதா அண்ணி:* பிள்ளைங்களுக்கு இதுல மார்க் போடுறதும் வேண்டாம்.

*சேகர் சித்தப்பா:* என் ஆளுங்களுக்கு 4 கார்டு எழுதி ராத்திரி போடறேன்மா. பேர் வெச்சு எழுதட்டா?

*கவிதா அண்ணி:* வேண்டாம் சித்தப்பா, அதே பேர்ல அவங்க வகுப்புல ஒரு பிள்ளை இருந்தா பேச்சு அந்தப் பிள்ளை மேல திரும்பிடும். “மாணவர் அ”, “மாணவர் ஆ”ன்னு போடுங்க.