மறு: மாஸ் சர்வைலன்ஸ் – கண்காணிப்பா, வேவா, வாரலா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

பகை நாட்டை ஒரு நாடு உளவு பார்ப்பதற்கும், ஓர் அரசு தன் குடிமக்கள் எல்லாரையும் ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் ‘கண்காணிப்பு’ என்ற ஒரே சொல்லைப் போட்டு ஒப்பேற்றிவிடலாமா என்று பொள்ளாச்சி அம்மையார் கேட்டதிலிருந்து இந்த இழை நீண்டுகொண்டிருக்கிறது. இரண்டாவதற்கு, அதாவது ஆங்கிலத்தில் மாஸ் சர்வைலன்ஸ் என்பதற்கு, ‘பெருந்திரள் கண்காணிப்பு’ ஏற்கெனவே அச்சில் புழங்குகிறது, அதுவே போதும் என்கிறார் சேலத்து நண்பர். ‘முழுவேவு’ என்று ஈரோட்டு ஐயா முன்வைத்திருக்கிறார். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. பண்ணாரி குண்டம் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தைக் கோபுரம் கட்டி நின்று போலீசார் கவனிக்கிறார்களே, பெருந்திரள் கண்காணிப்பு என்றால் எனக்கு அதுதான் கண்ணில் வருகிறது. முழுவேவு என்றாலோ, ஒருவரை முழுதாக வேவு பார்ப்பதா, எல்லாரையும் வேவு பார்ப்பதா என்பது விளங்கவில்லை.

கண்காணிப்பு என்ற சொல்லை நாம் மிகவும் மலிவாகச் செலவழிக்கிறோம் என்பது என் முதல் குறை. அது பழைய சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்கள் ‘ஸ்ரீமாகேசுவரக் கண்காணி’ செய்பவர்களாக வருகிறார்கள். பிறகு அதே சொல் கங்காணியாகத் தேய்ந்து, இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஆள் கட்டிக்கொண்டு போனவனுக்கும், நம் வால்பாறைத் தோட்டங்களில் நிரையின் தலைமாட்டில் நின்று கொழுந்து எடுப்பவர்களை விரட்டியவனுக்கும் பெயராகி, ஆங்கிலேயரின் அகராதிக்கும் போய்ச் சேர்ந்தது. கோயில் கண்காணி நல்லவர், தோட்டக் கங்காணி பொல்லாதவர் என்று வைத்துக்கொண்டாலும் இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. பார்க்கப்படுகிறவருக்குப் பார்க்கிறவரைத் தெரியும். ‘நீங்கள் கண்காணிப்பு கேமராவின் பார்வையில் இருக்கிறீர்கள்’ என்று பலகை எழுதித் தொங்கவிடுவது இந்தச் சொல்லுக்கு முற்றிலும் பொருந்துகிறது. 1998 பிப்ரவரி 14 அன்று குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்ட ஊர் கோவை. அங்கே அந்தப் பலகையைக் கண்டு முகம் சுளிப்பவர்களைவிட ஆறுதல் கொள்பவர்களே மிகுதி. அந்த ஆறுதல் நியாயமானதுதான். ஆனால் யாருக்கும் தெரியாமல் நடக்கும் ஒரு செயலுக்கு அதே ஆறுதலான சொல்லைக் கொடுத்தால், சொல்லே அரசின் வழக்கறிஞராகிவிடுகிறது.

மறைந்து பார்ப்பதற்குத் தமிழில் சொற்பஞ்சம் கிடையாது. வெட்சித்திணையில் ஆநிரை கவரப் போகும் படைக்கு முன்னே போய்ப் புலம் அறிந்து வருவதைத் தொல்காப்பியம் ‘புடைகெட ஒற்றின் ஆகிய வேயே’ என்கிறது. மாடு பிடிக்கப் போன இடத்தில் பிறந்த சொல் என்பதால் காங்கேயத்துக்காரர்கள் தாராளமாக உரிமை கொண்டாடலாம். வேய்தான் வேவு ஆயிற்று. ஒற்று திருக்குறளில் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பாயிற்று. ஒற்று என்ற சொல்லுக்கு இன்றைக்கு இருக்கும் ஒரே இடைஞ்சல், நம் குழுவில் அதை எழுதினால் பாதிப் பேர் வல்லினம் மிகுமா மிகாதா என்ற சண்டைக்கு ஆயத்தமாகிவிடுவதுதான். போதாக்குறைக்கு, ஊரில் வீட்டை ஒத்திக்கு விடுகிறோம். இருந்தாலும் ஆள் போய்ப் பிறர் நாட்டில் இருந்து செய்தி கொண்டுவருவதற்கு ஒற்று என்பதை மீட்டுக்கொள்ளலாம் என்பதே என் எண்ணம். உளவு என்பது துறைக்கும் தொழிலுக்கும் பொதுப்பெயராக நிலைத்துவிட்டது, அதை அசைக்க வேண்டாம்.

நாடுகளுக்கிடையிலான ஒற்றைப் பற்றி நம் பக்கத்து நூற்சான்று ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் வடநாட்டு மன்னர்களுக்குத் திருமுகம் விடுவதைப் பற்றிப் பேச்சு எழும்போது, அவன் அவையில் இருந்த அழும்பில் வேள் அது தேவையில்லை என்கிறான். பகைவருடைய ஒற்றர்கள் சேரர் தலைநகரான வஞ்சியின் வாயிலை விட்டு அகல்வதே இல்லை, இங்கே பறையறைந்தால் அவர்களே தங்கள் அரசர் காதில் போட்டுவிடுவார்கள் என்பது அவன் கணக்கு. வஞ்சி கரூர்தான் என்று சாதிப்பவர்களும், கொடுங்கல்லூர் என்பவர்களும் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள். அந்த வழக்கை இங்கே திறக்க வேண்டாம். எனக்கு வேண்டியது வேறு. பகை ஒற்றன் வாயிலில் நிற்பது இரு தரப்புக்கும் தெரிந்த செய்தி, தெரிந்தே பொறுத்துக்கொள்ளப்படுகிறது, வேண்டும்போது அஞ்சலாகவும் பயன்படுத்திக்கொள்ளப்படுகிறது. இன்றைய தூதரகங்களில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. ஒருவரையொருவர் ஒற்றறிவது அரசுகளுக்குள் சொல்லப்படாத வழக்கம். பிடிபட்டால் சினம் காட்டுவதும் அந்த வழக்கத்தில் அடக்கம். 1960 மே 1 அன்று சோவியத் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட யு-2 என்ற அமெரிக்க உளவு விமானத்தின் விமானி பவர்ஸ், 1962 பிப்ரவரியில் பெர்லின் அருகே ஒரு பாலத்தின் மேல் சோவியத் ஒற்றர் ஏபலுக்கு மாற்றாக ஒப்படைக்கப்பட்டது, சந்தையில் மாட்டுக்கு மாடு மாற்றிக்கொண்டது போல அவ்வளவு ஒழுங்காக நடந்தது.

ஒழுங்கு குலைந்த இடங்களும் உண்டு. சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏஜி நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மறைமொழிக் கருவிகளை விற்றது. வாங்கியவர்களில் இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்த்தி. அந்த நிறுவனத்தின் உரிமையாளர்கள் 1970 முதல் அமெரிக்க, மேற்கு ஜெர்மானிய உளவுத்துறைகளே என்பது 2020 பிப்ரவரியில் வெளிவந்தது. ஒன்றுக்கொன்று தெரியக்கூடாது என்று இரண்டு பகையாளிகள் ஒரே கடையில் பூட்டு வாங்கியிருக்கிறார்கள், கடைக்காரனிடம் இரண்டுக்கும் சாவி இருந்திருக்கிறது. இந்தக் கருவிக்குள் வைத்திருந்த இரகசிய வழிக்குக் குழுவில் ‘பின்கதவு’, ‘புறவாசல்’ என்றெல்லாம் எழுதினீர்கள். (புழக்கடையைச் சொல்லும் பொடக்காளி என்பதை எழுதிய கோபிக்காரர் விளையாட்டுக்குத்தான் எழுதினார் என்று நம்புகிறேன்.) கதவு என்றால் வீட்டுக்காரனும் புழங்குவான். இது வீட்டுக்காரன் அறியாதது. கள்ளச்சாவி என்றால் எந்த ஊரிலும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஒற்றுக்கும் வேவுக்கும் ஓர் ஆள் வேண்டும், அல்லது ஓர் இடமாவது வேண்டும். இன்னாரை, இன்ன பாசறையை என்று ஒரு குறி உண்டு. 2013இல் வெளிவந்தது அந்த வகையே அன்று. அந்த ஆண்டு ஜூன் 5 அன்று கார்டியன் நாளிதழ் வெளியிட்ட இரகசிய நீதிமன்ற ஆணை, வெரைசன் தொலைபேசி நிறுவனம் தன் அமெரிக்க வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்கள் முழுவதையும் நாள்தோறும் அமெரிக்க உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமையிடம் கொடுக்க வேண்டும் என்றது. யார் மீதும் ஐயம் சொல்லப்படவில்லை. இரண்டு நாள் கழித்து அன்றைய அதிபர் ஒபாமா, உங்கள் தொலைபேசிப் பேச்சை யாரும் கேட்கவில்லை என்று மக்களைத் தேற்றினார். அது பொய்யன்று. பேச்சைக் கேட்காமலே எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் சிக்கல்.

இது எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரி விட்ட நேரத்தில், கோபியில் ஓர் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு ஆள் உள்ளே பேசுவார். தலைக்குமேல் சிவப்பு எண்கள் ஓடும். வாய் அசைவது தெரியும், ஒரு சொல் கேட்காது. பேசி முடித்ததும் சின்ன அச்சுப்பொறி கிரீச்சென்று ஒரு துண்டுச்சீட்டைத் துப்பும். அழைத்த எண், நாள், நேரம், நிமிடம், ரூபாய். வெரைசனிடம் கேட்டதும் ரூபாய் நீங்கலாகப் பெரும்பாலும் அதுவே. நகலை மேசையில் இருந்த ஆணியில் குத்திவைப்போம். ஒருவர் ஞாயிறுதோறும் இரவுக் கட்டணம் குறையும் வரை காத்திருந்து திருப்பூர் எண் ஒன்றுக்கு இருபது நிமிடம் பேசுவார். ஒரு ஞாயிறு நாற்பது நொடி. அடுத்த ஞாயிறு வரவில்லை. பெண் வீட்டில் மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று பூத்துக்கார அண்ணன் கணக்குநோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். உங்களுக்கு எப்படித் தெரியும், ஒட்டுக்கேட்டீர்களா என்றேன். “நாம எதுக்குங்க தம்பி கேக்கோணும், சீட்டே சொல்லிப்போடுதுங்களே” என்றார். மெட்டாடேட்டாவுக்கு ‘மேனிலைத் தரவு’ என்று கலைச்சொல் பட்டியலில் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆணிதான் நினைவுக்கு வருகிறது. அதில் மேல்நிலை ஒன்றும் இல்லை. உறைக்குப் புறத்தே எழுதியிருப்பது அது. ‘புறவிவரம்’ என்றால் போதும். இதைத் தனி இழையாகப் பேசிக்கொள்ளலாம்.

அண்ணன் ஒரு பூத்தின் சீட்டுகளை வைத்திருந்தார். ஒரு நாட்டின் சீட்டுகள் முழுவதையும் ஆணியில் குத்திவைக்கும் செயலுக்கு நான் முன்வைக்கும் சொல் ‘தரவு வாரல்’. அதன் மேல் நடக்கும் அரசின் வழக்கத்துக்கு ‘வாரல் வேவு’. சோளம் அடித்து முடிந்த களத்தை நினைத்துப் பாருங்கள். மணி, உமி, கல், மண் எதையும் பிரிக்காமல் கூட்டி ஒட்ட வாரிச் சாக்கில் போடுகிறோம். புடைப்பது பிறகு, வேண்டும்போது. வாருகிறவன் மணியைத் தேர்ந்தெடுப்பதில்லை, எதையும் விடுவதுமில்லை. குறியில்லாமை, எச்சமில்லாமை என்ற இரண்டு பண்பும் இந்த ஒரு வினைக்குள் இருக்கின்றன. ‘சேகரிப்பு’க்கு இது இல்லை. தபால்தலை சேகரிப்பவன் தேர்ந்தெடுத்துத்தான் சேர்க்கிறான்.

சேகரிப்பு என்ற சொல்லை நான் தவிர்ப்பதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 1982ஆம் ஆண்டு விதிநூல், மின்னணு வழியில் பெறப்பட்ட தரவு, புரியும் வடிவத்துக்கு மாற்றப்பட்ட பிறகே ‘சேகரிக்கப்பட்டதாக’க் கொள்ளப்படும் என்று வரையறுத்தது. அதாவது சாக்கில் கிடக்கும் வரை அது சேகரிப்பே இல்லை. 2013 மார்ச் 12 அன்று செனட் குழு முன், கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தரவைச் சேகரிக்கிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, தேசிய உளவுத்துறை இயக்குநர் கிளாப்பர் ‘இல்லை’ என்று விடை சொன்னார். மூன்றே மாதத்தில் அந்த விடை சந்திக்கு வந்தது. ஒரு சாதாரணச் சொல்லுக்குள் இவ்வளவு பெரிய பொந்து இருக்க முடியும் என்றால், நாம் ஆக்கும் சொல்லில் அந்தப் பொந்தை இப்போதே அடைத்துவிட வேண்டும். வாரியாயிற்று என்றால் வாரியாயிற்று. புடைத்துப் பார்த்தானா என்பது வேறு கேள்வி. 2015இல் வந்த சட்டத்தின் பேரில் அழைப்பு விவரங்களை முகமையே வாரி வைத்திருப்பது அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் நின்றது. தரவு நிறுவனத்திடமே இருக்கும், குறிப்பிட்ட எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றாயிற்று. இதைத் தமிழில் ஒரே வரியில் சொல்லலாம்: வாரல் நின்றது, வேவு நிற்கவில்லை. கண்காணிப்பு என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இந்த வரியை எழுதிக் காட்டுமாறு சேலத்து நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரக்கூடிய மறுப்புகளில் ‘வாரி வழங்குதல்’ நல்ல பொருளில் வருகிறதே என்பது பெரிதாகத் தோன்றவில்லை. தலைவாருவது பற்றிய பகடியையும் தாங்கிக்கொள்வேன். காலை வாருதல் என்ற பொருள் உள்ளே எட்டிப்பார்க்கிறதே என்றால், அது இருந்துவிட்டுப் போகட்டும். பொள்ளாச்சி அம்மையார் சொல்லும் ‘அள்ளல்’ நெருங்கிய போட்டி. ஆனால் ஆற்றோரத்து ஆட்களுக்கு அள்ளுதல் என்றாலே மணல்தான், இலக்கியத்திலோ அள்ளல் என்பது சேறு.

ஈரோட்டு ஐயாவின் குறள் சான்றுக்கு மட்டும் கொஞ்சம் நின்று விடை சொல்ல வேண்டும். ‘எல்லார்க்கும் எல்லாம் நிகழ்பவை எஞ்ஞான்றும் வல்லறிதல் வேந்தன் தொழில்’ என்று 582ஆம் குறள் சொல்லும்போது எல்லாரையும் எப்போதும் பார்ப்பது ஒற்றுக்குள்ளேயே அடங்கிவிடுகிறதே, புதுச்சொல் எதற்கு என்கிறார். இந்த ஒரு குறள் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு குறள் தள்ளி, ‘வினைசெய்வார் தம்சுற்றம் வேண்டாதார் என்றாங்கு அனைவரையும் ஆராய்வது ஒற்று’ என்று அந்த எல்லாருக்கும் வேலி போடப்படுகிறது. அரசு வேலை பார்ப்பவர், அரசனின் உறவு, பகைவர். களத்துமேட்டில் சோளம் புடைப்பவளும், திருப்பூருக்குப் போன் போட்டவரும் அந்த வேலிக்குள் இல்லை.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வந்தால், 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு பொது நெருக்கடியோ பொதுமக்கள் பாதுகாப்போ காரணமாக இருந்தால் செய்திகளை இடைமறிக்கலாம் என்றது. 1996இல் உச்ச நீதிமன்றம் அதற்கு உள்துறைச் செயலாளரின் ஆணை வேண்டும் என்பது உள்ளிட்ட கட்டுப்பாடுகளைப் போட்டது. அங்கே ‘இடைமறிப்பு’ சரியான சொல், அதைத் தொட வேண்டாம். நாளிதழ்கள் எழுதும் ஒட்டுக்கேட்பு பேச்சுக்கு மட்டும் பொருந்தும். 2021இல் பேசப்பட்ட பெகாசஸ் என்ற வேவு மென்பொருள் போலக் கைப்பேசிக்குள்ளேயே குடியேறுவதற்குப் பொருந்தாது. குறிவைத்த ஆளிடம் போவதால் அது வேவின் பாற்படும், வாரலன்று.

ஒரு முடிச்சு எனக்கு இன்னும் அவிழவில்லை. வாரி வைத்து, இன்னும் யாரும் திறந்து பார்க்காத தரவுக்கு ஒரு பெயர் வேண்டும். வழக்காடுமன்றத்தில் சண்டை வருவதே அந்த மூட்டைக்குத்தான். ‘புடையா வாரல்’ என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் வாய்விட்டுப் படித்தபோது, அது ஏதோ மீன் பெயர் மாதிரி இருக்கிறது என்றார்கள். இதைவிட நல்லது தோன்றுகிறவர்கள் எழுதுங்கள்.