புதுப்பிப்பு: பத்தாவது கம்பத்தில் வெளியேறும் மீனு

மூன்று மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: அஜிலிட்டி (நாய்கள் தடைகளைக் கடந்து ஓடும்) போட்டியில் என் நாய் மீனு 12 வீவ் கம்பங்களையும் (இடையே வளைந்து நெளிந்து போகவேண்டிய வரிசைக் கம்பங்கள்) முடிக்காமல் பத்தாவதிலேயே வெளியே வந்துவிடுகிறாள், பயிற்சியில் அப்படிச் செய்வதில்லை, ஏன் என்று. காணொளி எடுத்துப் பாருங்கள் என்று சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.

பார்த்தேன். தவறு அவளிடம் இல்லை. நுழைவு சரியாகவே இருக்கிறது, முதல் கம்பம் இடது தோள் பக்கம். பத்தாவது கம்பம் வந்ததும் என் தோள் அடுத்த தாண்டுதடையை நோக்கித் திரும்புகிறது, கால் வேகமெடுக்கிறது. நாய்க்கு நம் சொல்லைவிட உடல்தான் பெரிய கட்டளை. பாவம், என் உடல் சொன்னபடிதான் அவள் கேட்டிருக்கிறாள்!

அப்புறம் இரண்டு விஷயங்களை மாற்றினேன். கடைசிக் கம்பம் தாண்டும்வரை என் மார்பு நேராகவே இருக்கும். பரிசுப் பொம்மையை என் கையிலிருந்து தராமல், பன்னிரண்டாவது கம்பத்துக்கு அப்பால் நேர்க்கோட்டில் எறிந்தேன். பிறகு நான் பின்தங்கியும், முந்தியும், பக்கவாட்டில் விலகியும் ஓடிப் பழக்கினேன். இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

போன வாரப் போட்டியில் 12 கம்பங்களையும் முடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏற்றப்பலகையில் (சீசா) இறங்கும்போது தொடுபகுதியை, அதாவது பலகை முனையில் நாய் கால் வைத்தே ஆகவேண்டிய பகுதியை, மிதிக்காமல் குதித்ததால் 5 பிழைப்புள்ளி வந்தது. சரி, இனி அந்தப் பயிற்சி. பலகை தரையைத் தொடும்வரை காத்திருக்க உங்கள் நாய்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தீர்கள்?