கோலா மூடா கரையை டிரோன் வைத்து அளக்கலாமா?

பெனாகா பையன்:
மூடா ஆறு கடலில் சேரும் இடத்தில், பினாங்குப் பக்கக் கரை அரித்துக்கொண்டே போகிறது. போன மாதம் போனபோது, சின்ன வயதில் நான் சாய்ந்து உட்கார்ந்த பாக்காவ் (அலையாத்தி) மரம் வேரோடு சேற்றில் கிடந்தது. எத்தனை மீட்டர் போயிற்று என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசம்தான், 5 நாளுக்கு ஒருமுறை வருகிறது. ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். மேகம் வேறு மறைக்கும். டிரோனை 100 மீட்டர் உயரத்தில் விட்டால் ஒரு புள்ளி சுமார் 3 சென்டிமீட்டர். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை அளப்போமா?

பழைய தியோடலைட்:
வேண்டாம் என்பேன். 3 சென்டிமீட்டர் என்பது படத்தின் கூர்மை, அளவின் துல்லியம் இல்லை. 70, 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படிகிற மாதிரி நூற்றுக்கணக்கில் படம் எடுத்து, ஒரே புள்ளியைப் பல படங்களில் தேடிப் பொருத்தித்தான் மென்பொருள் உயரத்தைக் கணக்கிடுகிறது. ஈரச் சேறு எங்கே பார்த்தாலும் ஒரே நிறம், வெயிலில் பளபளக்கும். பொருத்தப் புள்ளி கிடைக்காது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவது. சேற்றுவெளியின் சரிவு 500க்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 20 சென்டிமீட்டர் இறங்கினால் நீர்க்கோடு 100 மீட்டர் பின்வாங்கும். பெரிய ஓத நாளில் பினாங்கில் தண்ணீர் 2 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. இறங்கும் நேரத்தின் நடுப்பகுதியில் அந்த 20 சென்டிமீட்டருக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஒரு பேட்டரி தீர்வதற்குள் நீர்க்கோடு எங்கேயோ போய்விடும். இப்படி ஓதம் பார்க்காமல் இரண்டு தேதிப் படங்களை ஒப்பிட்டு, 40 மீட்டர் கரை போய்விட்டது என்று ஒரு குழு சொன்னது. நானே சரிபார்க்கப் போனேன். கரை இருந்த இடத்தில்தான் இருந்தது. பயந்துபோன கம்பத்து மக்களிடம் அதை விளக்க ஒரு நாள் முழுக்க ஆனது.

பெனாகா பையன்:
ஐயா, அது டிரோனின் குற்றம் இல்லையே. நீர்க்கோட்டை விட்டுவிட்டு மர விளிம்பை அளப்போம், அது ஓதத்துக்கு நகராது. நாலு மூலையிலும் நடுவிலும் கறுப்பு வெள்ளைப் பலகை வைத்து, அவற்றின் இடத்தைத் துல்லிய ஜிபிஎஸ் கருவியால் எடுத்துக்கொண்டால் படம் தரையோடு கட்டுப்படும்.

சம்பான்காரர்:
பலகையை எங்கே வைப்பாய் தம்பி? அந்தச் சேற்றில் முழங்கால் வரை உள்ளே போகும். நான் பாசார் பீசெக் பக்கம் படகு விடுகிறவன், ஏலக்காரர் காதில் விலையைக் கிசுகிசுப்பார்களே, அந்த மீன் சந்தை. எங்களுக்குப் பிரச்சினை ஆற்று வாயில் மணல் திட்டு எங்கே நகர்கிறது என்பது. அது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. கலங்கல் தண்ணீரில் டிரோன் எதைப் பார்க்கும்? நாங்கள் கழி விட்டுத்தான் ஆழம் பார்க்கிறோம். ஆற்றில் மேலே மணல் அள்ளியதையும் கணக்கில் சேருங்கள். மணல் வராத ஆறு கரைக்கு எதைக் கொடுக்கும்?

கரையோர டீச்சர்:
தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரையுள்ள கரையை முக்கியப் பறவைப் பகுதி என்று பேர்ட்லைஃப் அமைப்பு அடையாளம் கண்டிருக்கிறது. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வடக்கிலிருந்து வரும் உள்ளான்கள் என்னும் கரைப்பறவைகள், தண்ணீர் ஏறும்போது மிச்சமிருக்கும் இடத்தில் நெருக்கியடித்து ஒதுங்கும். தலைக்கு மேல் ஒன்று பறந்தால் பருந்து என்று மிரண்டு மொத்தக் கூட்டமும் எழும்பும். அப்படி எழும்புவதில் கரையும் கொழுப்பு, ஊர் திரும்பச் சேர்த்து வைத்தது. பறக்கவிடுவதானால் மே முதல் ஆகஸ்ட் வரைதான். அப்புறம், பட்டர்வொர்த் விமானப்படைத் தளமும் அதே கரையில்தான் இருக்கிறது. விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி, வரைபடத்துக்கு ஜுபெம் என்னும் நில அளவைத் துறையின் அனுமதி, இரண்டும் கையில் வந்தபிறகு டிரோன் வாங்குவதைப் பேசலாம்.

பழைய தியோடலைட்:
டீச்சர் சொல்வது சரி. வருடத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் சேறு ஏறினாலோ இறங்கினாலோ டிரோன் காட்டாது, அதன் உயரப் பிழையே அதைவிட அதிகமாக இருக்கும். ஆழமாக ஊன்றிய எஃகுக் கம்பியின் உச்சியிலிருந்து சேறு வரை அளந்தால் மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். பழைய கரை வேண்டுமென்றால் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் 30 மீட்டர் புள்ளிப் படங்கள் 1980களிலிருந்தே இருக்கின்றன. வாங்குவதற்கு முந்திய கதை டிரோனிடம் இல்லை.

பெனாகா பையன்:
மாதம் ஒருமுறை என்றதை விட்டுவிடுகிறேன். மே, ஆகஸ்ட், இரண்டு முறை போதும். கம்பிதான் முதலில். ஆனால் டிரோன் வேண்டும் என்பதில் மாற்றமில்லை ஐயா. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்னால் எங்கள் பக்கம் எத்தனை வரிசை மரம் நின்றது என்று கேட்டால், ஒருவர் நாலு என்கிறார், இன்னொருவர் பத்து என்கிறார். 30 மீட்டர் புள்ளியில் மர வரிசையை எண்ண முடியாது. அடுத்த அலைக்கு முன்னால் ஒரு தடவையாவது எண்ணி வைக்க வேண்டும்.

சம்பான்காரர்:
கம்பி ஊன்றப் படகு நான் தருகிறேன். காலையில் தண்ணீர் வற்றுகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள். டிரோனுக்கு இப்போதைக்குக் காசு போடமாட்டேன்.