பவுசருக்குள் பெற்றோல் முன்னும் பின்னும் அடிப்பதற்கு என்ன சொல்?

மட்டக்களப்பு, பயிற்றுநர்:
வணக்கம். எரிபொருள் பவுசர் சாரதிகளுக்கான கைநூலைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை அச்சு. 'சேர்ஜ்' என்ற இடத்தில் சிக்கி நிற்கிறேன். பிரேக் அடித்தால் லொறி நிற்கும், உள்ளே இருக்கும் பெற்றோல் நிற்காது. முன்பக்கத்தில் போய் மோதி, நின்ற வண்டியையே சந்திக்குள் தள்ளும். இதற்கு ஒரு சொல் வேண்டும். அந்த வேகத்தைக் குறைக்கத் தாங்கிக்குள் குறுக்கே வைக்கும் ஓட்டைத் தகட்டுக்கும் ஒன்று. 'அலையெழுச்சி' என்று போட்டுப் பார்த்தேன். "சுனாமியா சேர்?" என்று வகுப்பில் கேட்டுவிட்டார்கள்.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி' என்பது தொல்காப்பிய உரியியல். அலமரல் இருக்கும்போது தேடுவானேன்? 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் எங்களூர் விபுலானந்த அடிகள். அவர் பிறந்த பக்கத்திலிருந்து 'சேர்ஜ்' என்று அச்சாகப் போகிறதா?

கல்முனை, பொறியியலாளர்:
ஐயா, சுழற்சி என்று நூற்பாவே சொல்கிறதே. பெற்றோல் சுழலவில்லை, போய்ப் போய் வருகிறது. வளைவில் பக்கவாட்டிலும் அடிக்கும். குறுக்குத் தகடு அதை மறிக்காது, வண்டி சரிந்துவிடும். நான் 'தளம்பல்' என்பேன்.

ஏறாவூர், மொழிபெயர்ப்பாளர்:
தளம்பலை வானிலைக்காரர்கள் எப்போதோ எடுத்தாயிற்று. மாரி வந்தால் வானொலியில் 'தளம்பல் நிலை'தான். 'தளும்பல்' போதும். நிறைகுடம் தளும்பாது என்பார்களே, அரைவாசி நிரம்பிய தாங்கிதான் கூடுதல் ஆபத்து என்பது அதிலேயே வந்துவிடுகிறது.

கல்முனை, பொறியியலாளர்:
பெற்றோலுக்கு நிறைகுடமே கிடையாது. சூட்டில் விரியும் என்று மேலே இடம் விட்டுத்தான் நிரப்புவார்கள். ஆனாலும் தளும்பலுக்குச் சம்மதம்.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தளும்பு, ததும்பு, தத்து, தள்ளு எல்லாம் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். தளர்ச்சியையும் அதோடு சேர்க்கலாம். தளிரைப் பற்றித் தனி மடலில் எழுதுகிறேன்.

மட்டக்களப்பு, பயிற்றுநர்:
ஐயா, வெள்ளிக்கிழமை!

செங்கலடி, வாசகர்:
தகட்டுக்கு 'வக்கடைத் தகடு' என்றால் என்ன? வயல் வரம்பில் வக்கடை வெட்டியவனுக்கு, தண்ணீரை முழுக்க மறிக்காமல் அளவாக விடுவது விளங்கும். இன்னொன்று, நூலின் தலைப்பில் 'இடர்ப்பொருள்' என்று கண்டேன். வேண்டாம். 2010 செப்டெம்பர் 17 அன்று கரடியனாறு பொலிஸ் நிலையத்தில், வீதி வேலைக்கென்று வைத்திருந்த வெடிபொருள் கொள்கலன்கள் வெடித்தன. அதை அறிந்த இந்தப் பக்கத்து ஆட்களுக்கு 'ஆபத்தான பொருள்' என்று நேராகச் சொல்லுங்கள்.

ஏறாவூர், மொழிபெயர்ப்பாளர்:
வக்கடை நல்ல சொல்தான், ஆனால் வன்னி தாண்டினால் விளங்குமா? 'அலைதாங்கி' என்றும் போடவேண்டாம். இங்கே தாங்கி என்றாலே பெற்றோல் நிரப்பும் கலம்தான்.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வக்கடை தமிழா, சிங்களமா என்பதை முதலில் தீர்க்கவேண்டும்.

செங்கலடி, வாசகர்:
என் அப்பப்பா தமிழில்தான் வெட்டினார்.

கல்முனை, பொறியியலாளர்:
பால் கொண்டுபோகும் தாங்கிகளில் இந்தத் தகடு பெரும்பாலும் இருப்பதில்லை. மூலைகளில் பால் தங்கினால் கழுவ முடியாது. அப்படியான வண்டியில் பிரேக்கை இன்னும் பதமாகத்தான் பிடிக்கவேண்டும். இதையும் நூலில் சேர்த்துவிடுங்கள், சொல் எதுவானாலும்.

மட்டக்களப்பு, பயிற்றுநர்:
சரி. 'தளும்பல்' போடுகிறேன், முதல் தடவை வரும் இடத்தில் பக்கத்திலேயே சேர்ஜ் என்றும் இருக்கும். தகட்டுக்குத் 'தடுப்புத் தகடு'. தலைப்பு 'ஆபத்தான பொருட்கள்'. வக்கடையை வகுப்பில் வாயால் சொல்லிக்கொள்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அச்சிடுங்கள் தம்பி. இரண்டாம் பதிப்பில் அலமரலைப் பார்ப்போம்.