ஹலசூரு வீட்டுக் குழு: உப்பிய பேட்டரி

தம்பி, இரவு 8.12
சித்தப்பா, என் ரிமோட் விமானத்தின் 2200 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) பேட்டரியை இன்று வெளியே எடுத்தபோது, நடுப்பகுதி உப்பி, மேலுறை விம்மிப் போயிருந்தது. போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு முழுதாகச் சார்ஜ் செய்து வைத்தேன். மறுநாள் பிடித்த மழையால் ஒருமுறைகூடப் பறக்கவிடவில்லை. பயன்படுத்தாத பேட்டரி எப்படிக் கெட்டுப்போனது?

சித்தப்பா, இரவு 8.21
நிரப்பிய பிறகு பயன்படுத்தாமல் விட்டதால்தான் கெட்டது, கண்ணா. லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒரு செல் 4.2 வோல்ட்டில் நிறைகிறது. அந்த நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் உள்ளிருக்கும் வேதிப்பொருள் மெல்லச் சிதைந்து வாயுவாகி, வெளியேற வழியின்றி உறையைத் தள்ளும். ஓரிரு நாளில் பறக்கவிடப் போவதாக இருந்தால் மட்டும் முழுதாக நிரப்பு. இல்லையென்றால் சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' முறையைத் தேர்ந்தெடு. அது ஒவ்வொரு செல்லையும் 3.8 வோல்ட் அளவில் நிறுத்திவிடும்.

அம்மா, இரவு 8.24
அதையே மறுபடி சார்ஜ் செய்து பார்க்கிறேன் என்று மெத்தைமேல் சார்ஜரை விரித்து உட்கார்ந்திருந்தான். நான் பிடுங்கி வைத்துவிட்டேன்.

சித்தப்பா, இரவு 8.30
நல்ல காரியம் செய்தீர்கள், அண்ணி. உப்பிய பேட்டரியில் இனி மின்சாரம் ஏற்றவே கூடாது. காற்றை வெளியேற்றுகிறேன் என்று ஊசியால் குத்தினால் அந்த நொடியே தீப்பிடிக்கலாம். இப்போதைக்கு மண்சட்டியில் வைத்து, துணியோ எண்ணெயோ அருகில் இல்லாமல், பால்கனியின் வெறுந்தரையில் வையுங்கள். ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை என்று காலையில் வாங்க வருபவர்களிடம் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். வண்டியில் நசுங்கினால் அவர்கள் கைதான் வேகும். ஞாயிறன்று நான் வந்து, வாசலில் வைத்து 12 வோல்ட் கார் பல்பை இணைத்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, மின்கழிவு வாங்குமிடத்தில் சேர்த்துவிடுகிறேன்.

தம்பி, இரவு 8.33
என் சார்ஜர் 6 ஆம்பியர் வரை தருகிறது. புதிய பேட்டரி வாங்கினால் அதில் வேகமாக ஏற்றலாமா?

சித்தப்பா, இரவு 8.45
2200 எம்.ஏ.எச். என்றால் 2.2 ஆம்பியர் போதும். சுமார் ஒரு மணி நேரத்தில் நிறைந்துவிடும். அதைவிட முக்கியமானது, பேட்டரியிலிருந்து தனியாக வரும் அந்தச் சின்ன வெள்ளை பிளக். அதைச் சொருகாமல் ஏற்றித்தான் என் முதல் பேட்டரியை இழந்தேன். மொத்தம் 11.4 வோல்ட் என்று பார்த்து நிம்மதியாக இருந்தேன். பிரித்துப் பார்த்தால் இரண்டு செல் 3.95, மூன்றாவது 3.5. மூன்று செல்லுக்கும் 4.2 வீதம் மொத்தக் கணக்கு 12.6 ஆகும்வரை ஏற்றினால், பின்தங்கிய செல்லின் பங்கையும் சேர்த்து மற்ற இரண்டும் 4.2-ஐத் தாண்டிவிடும். வெள்ளை பிளக் வழியாகத்தான் சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்து சமன்செய்கிறது. பறந்து இறங்கியவுடன் சூடாக இருக்கும்போதும் ஏற்றாதே. தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும்.

தம்பி, இரவு 9.02
என் இன்னொரு பேட்டரியையும் வெள்ளை பிளக்கில் அளந்தேன், சித்தப்பா: 4.19, 4.19, 4.18. அதுவும் ஒரு மாதமாக நிறைந்தேதான் கிடந்திருக்கிறது, ஆனால் உப்பவில்லை. கூடத்து டைல்ஸ் தரையில் ஸ்டோரேஜ் முறையில் போட்டுவிட்டு அருகிலேயே உட்கார்ந்திருக்கிறேன், 3.8-க்கு இறங்கியதும் எழுதுகிறேன்.